ஆவுளியா முதல் ஆலா வரை: வாசகர் கேள்வி – பதில்

கடல் சூழலியலாளர்கள் கடல் பாலூட்டிகளையும் கடற்பறவைகளையும் எப்படி ஆராய்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்துவிட்டு மன்னார்க் கரையிலிருந்தும் பூநகரியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

திருக்கை வலை விட்டுவிட்டு விடிய வாங்கப் போனால் சிலவேளை ஆவுளியா செத்துக் கிடக்கிறது. உயிரோடு அகப்பட்டால் எப்படி விடுவது? எவ்வளவு நேரம் தாங்கும்?
– ம. அ., வலைப்பாடு

ஆவுளியாவுக்கு (கடற்பசு) செவுள் இல்லை. நம்மைப் போல நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. மேயும்போது பெரும்பாலும் மூன்று நிமிடத்துக்குள் ஒருதடவை மேலே வந்து மூச்செடுத்துவிடும். மிக நீண்ட முழுக்கு என்று அளந்திருப்பதே 12 நிமிடமளவுதான். வலையில் மாட்டி உதறும்போது உடம்பிலுள்ள ஒட்சிசன் வேகமாகத் தீர்ந்துவிடுவதால் அந்த நேரம்கூடத் தாங்காது. அதனால்தான் இரவு விட்டு விடிய வாங்கும் வலையில் செத்த ஆவுளியாவையே காண்கிறீர்கள். உயிரோடு கண்டால், அது சற்று முன்தான் அகப்பட்டிருக்க வேண்டும், அல்லது மூக்கு மேலே எட்டுகிற அளவுக்கு வலை இளகியிருக்க வேண்டும்.

முதல் வேலை, இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேல்கயிற்றைத் தூக்கி மூக்கைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவருவது. அதற்கு முன் கத்தியைத் தேட வேண்டாம். இரண்டு மூன்று மூச்சு எடுக்கவிட்டால் உதறல் குறையும். வளர்ந்த ஆவுளியா 3 மீற்றர் வரை நீளமும் 400 கிலோ வரை எடையும் இருக்கும். வள்ளத்துக்குள் ஏற்றப் பார்த்தால் வள்ளம் கவிழும், ஏற்றினாலும் தன் எடையே அதன் நெஞ்சை நெரிக்கும். தண்ணீரிலேயே வைத்து வெட்டிவிட வேண்டும்.

வெட்டுவதில் ஒழுங்கு முக்கியம். முகத்தைச் சுற்றிய கண்ணி முதலில், கைத்துடுப்பு அடுத்தது, வால் கடைசி. வாலை முதலில் விடுவித்தால் அது முழு விசையோடு முன்னே பாயும், மிச்ச வலை கழுத்திலும் துடுப்பிலும் இறுகும், பக்கத்தில் நிற்பவருக்கும் அடி விழும். எப்போதும் தோள் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். கத்தியின் கூர் உடம்பைப் பாராமல் வெளியே பார்த்திருக்கட்டும். உடம்பில் ஒரு துண்டு நூல்கூட மிஞ்சக் கூடாது, தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) என்றால் மிகவும் கவனம். மாதக்கணக்கில் அது தசைக்குள் அறுத்துக்கொண்டே போகும்.

வாலில் கயிறு கட்டி ஆழத்துக்கு இழுத்துச் சென்று விடுவது உதவியென்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இழுத்தால் தலை தண்ணீருக்குள் இருக்கும், மூச்செடுக்க முடியாமல் வழியிலேயே மூழ்கிவிடும். விட்ட பிறகு படகால் துரத்தவும் வேண்டாம். களைத்துப்போன தசையிலிருந்து வெளிவரும் கழிவுகள் சிறுநீரகத்தைப் பழுதாக்கி, நல்லபடியாக நீந்திப் போனதுபோல் தெரிந்த விலங்கே பிறகு சாகலாம். பக்கத்தில் குட்டி சுற்றினால் தாயைக் குட்டி நிற்கிற பக்கமாக விடுங்கள். குட்டி ஒன்றரை வருடமளவு பால் குடிக்கும், தாயின்றிப் பிழைக்காது.

இதெல்லாம் வலைக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டுமே நடக்கும். ஆவுளியா தண்ணீர் பெருகும் நேரத்தில், அதிலும் படகு ஓட்டம் குறைந்த இரவில், ஆழம் குறைந்த கடற்புல் தரைகளுக்கு மேய வரும். அகலக் கண்ணியும் தடித்த நூலும் கொண்ட திருக்கை வலையை அதே தரையில் அதே நேரத்தில் விட்டுவிட்டுக் கரைக்கு வருவதுதான் சாவுக்குக் காரணம். புல் தரையை விட்டு மணல் தரைக்கோ புல் விளிம்புக்கு வெளியிலோ வலையை நகர்த்துவதும், வலையோடு நிற்பதும் தவிர வேறு வழி எங்களுக்குத் தெரியவில்லை. வெட்டிய வலை உங்களுக்கு நட்டம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் ஆவுளியா குட்டி போடத் தொடங்கவே 6 முதல் 17 வருடம் ஆகும். சினைக்காலம் 13 மாதத்துக்கு மேல், அதன்பின் அடுத்த குட்டிக்கு 3 முதல் 7 வருட இடைவெளி. வருடத்துக்கு ஒன்றிரண்டு தாய்கள் வலையில் போனால் அந்தத் தரையில் கூட்டம் திரும்ப நிறையாது.

செத்துக் கிடந்தால் வெட்டிப் பங்கிடாமல் அறிவியுங்கள். வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆவுளியாவைக் கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. சொல்லும்போது இடம், ஆழம் எத்தனை பாகம், கண்ணி எத்தனை அங்குலம், வலை விட்ட நேரம், வாங்கிய நேரம் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆய்வாளருக்கு வேண்டியது அந்த ஐந்தும்தான்.

புல் தரையில் சுழியோடும்போது வெறும் மணல் கோடுகள் தெரிகின்றன. ஆவுளியா மேய்ந்ததா, இழுவைமடி போட்டதா?
– அட்டை குளிக்கும் தொழிலாளி, விடத்தல்தீவு

ஆவுளியா மேய்ந்த கோடு கலப்பைச் சால் போல இருக்கும்: அகலம் 10 முதல் 25 சென்ரிமீற்றர், நீளம் ஒரு மீற்றரிலிருந்து சில மீற்றர் வரை, ஆழம் மூன்று நான்கு சென்ரிமீற்றர். வளைந்து போகும், திடீரென்று முடியும். இலையை மட்டும் கடிக்காமல் கிழங்கு வேரோடு பிடுங்கித் தின்பதால் சாலுக்குள் ஒன்றும் மிஞ்சாது, விளிம்பு தெளிவாக இருக்கும். இழுவைமடியின் (படகால் தரையோடு இழுக்கும் வலை) தடம் நேராக, நூற்றுக்கணக்கான மீற்றருக்குப் போகும். பலகை உரசிய இரண்டு கோடு சம தூரத்தில் ஓடும், பிடுங்கிய புல் ஓரத்தில் குவிந்து கிடக்கும். நங்கூரம் இழுத்த தடம் ஒரு முனையில் குழியோடு தொடங்கும். இயந்திரக் காற்றாடி கீறியது குறுகலாக, நடுவில் ஆழமாக இருக்கும்.

இலை மெல்லிய சிறு புல் வகைகளையே ஆவுளியா கூடுதலாக விரும்பும். அகன்ற நாடாப் புல் உயர்ந்து நிற்கும் இடத்தில் சால் தெரியாது. அங்கே சால் இல்லை என்பதை வைத்து ஆவுளியா இல்லை என்று முடிவுகட்ட முடியாது. புதுச் சால் சில வாரங்களில் மங்கிவிடும். அதனால் ஒவ்வொரு சாலையும் நாளோடு படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோலோ கத்தியோ வைத்து.

தரையையே அளக்க விரும்பினால் உலகமெங்கும் கையாளும் எளிய முறை ஒன்று உண்டு. 50 மீற்றர் நீளத்தில் மூன்று கயிறு, ஒன்றுக்கொன்று 25 மீற்றர் தள்ளி, சமாந்தரமாக. ஒவ்வொரு கயிற்றிலும் தொடக்கத்திலிருந்து 5 மீற்றருக்கு ஒருதரம் 50 × 50 சென்ரிமீற்றர் சதுரச் சட்டம் வைத்தால் கயிற்றுக்கு 11, மொத்தம் 33 சட்டம். ஒவ்வொன்றிலும் புல் மூடியிருப்பது நூற்றுக்கு எத்தனை, எந்தெந்தப் புல், இலை நீளம், சேறா மணலா என்று எழுத வேண்டும். சட்டத்தை பிவிசி குழாயில் செய்து, தாழ்வதற்குத் துளை போட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் நீர் ஏற்றவிறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆகவே வற்றும் என்று காத்திருக்காமல் முகக்கண்ணாடியோடு இறங்கித்தான் பார்க்க வேண்டும். மழை வெள்ளம் ஆற்றுவாயால் கலங்கி வரும் வாடைக்காலத்தில் (வடகிழக்குக் காற்றுக் காலம்) முயலாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத தண்ணீரில் போட்ட விழுக்காடு ஊகம் மட்டுமே.

பங்குனி, சித்திரையில் வெளியே போகும்போது திமிங்கிலம் தண்ணீர் பீச்சுவது தெரிகிறது. எந்த இனம் என்று தூரத்திலிருந்தே சொல்ல முடியுமா?
– நெடுநாள் படகுத் தொழிலாளி, கள்ளப்பாடு

பல தடவை முடியும். பீச்சுவது தண்ணீரில்லை, மூச்சு. நுரையீரலிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஈரக்காற்று. காற்று விழுந்திருக்கும் காலையில் அதன் வடிவத்தைப் பாருங்கள். நேராக, ஒல்லியாக, 9 மீற்றர் வரை எழும்பினால் நீலத் திமிங்கிலம். முன்பக்கமும் இடப்பக்கமும் சரிந்து புதர்போலப் பரந்தால் ஸ்பேர்ம் திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்முனையில் இடப்பக்கமாக இருப்பதே காரணம். மூன்று நான்கு மீற்றரில் நின்றுவிட்டால் பிறைட்ஸ் போன்ற சிறிய இனமாக இருக்கலாம். அதை மூச்சை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம், தலையின் மேல் மூன்று வரம்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது முழுக்கு. ஸ்பேர்ம் திமிங்கிலம் மேலே மரக்கட்டை போலக் கிடந்து பல தடவை மூச்சுவிட்டு, வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு போனால் 40 நிமிடத்திலிருந்து ஒரு மணித்தியாலம் வரை திரும்பாது. நீலத் திமிங்கிலம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் வந்துவிடும்.

திருகோணமலைக்கு வெளியே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கரையோடு ஒட்டி வருவதால் ஆழ்கடல் இனங்கள் கிட்ட வருகின்றன. 1982 முதல் 1984 வரை ஹால் வைட்ஹெட் தலைமையிலான குழு ‘ரியூலிப்’ என்ற பாய்க்கப்பலிலிருந்து அந்தக் கடலில் ஸ்பேர்ம் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. நம்முடைய நீலத் திமிங்கிலங்கள் மற்றக் கடல்களில் உள்ளவை போலக் குளிர்துருவத்துக்கும் வெப்பக்கடலுக்கும் இடையே வலசை போவதில்லை, வட இந்து சமுத்திரத்திலேயே உண்டு குட்டி போட்டு வாழ்கின்றன. இலங்கை ஆய்வாளர் ஆஷா டி வோஸ் இதை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். முல்லைத்தீவுக்கு வெளியே உள்ள கடலில் ஆய்வுப் படகு போர்க்காலம் முழுவதும் கால்வைக்க முடியவில்லை. ஆகவே நெடுநாள் படகிலிருந்து நாள், நேரம், ஜிபிஎஸ் புள்ளியோடு நீங்கள் எடுக்கும் வாற்படம் ஒவ்வொன்றுக்கும் பெறுமதி உண்டு. ஸ்பேர்ம் திமிங்கிலத்துக்கு வாலின் அடிப்பக்கம், நீலத் திமிங்கிலத்துக்கு விலாவிலுள்ள புள்ளிக்கோலம். பின்னால் துரத்தி எடுத்த படம் வேண்டாம், இயந்திரத்தைக் குறைத்து நின்றால் அதுவே பக்கத்தில் எழும்.

ஓங்கில் (டொல்பின்) எத்தனை இருக்கிறது என்று எப்படி எண்ணுகிறார்கள்? ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணமாட்டார்களா?
– ஜெ. சூ., பேசாலை

நல்ல சந்தேகம். எல்லாவற்றையும் எண்ண எவராலும் முடியாது. கண்டதை வைத்துக் காணாததைக் கணக்கிடுவதே வேலை.

முதல் முறையில் படகு முன்கூட்டியே வரைபடத்தில் போட்ட நேர்கோடுகளில் ஒரே வேகத்தில் ஓடும். ஓங்கில் வழக்கமாக நிற்கும் இடமாகப் பார்த்து ஓடினால் கணக்கு வீங்கிவிடும். இரண்டு பேர் முன்னால் நின்று, அணியத்திலிருந்து ஆளுக்கு 90 பாகை பார்ப்பார்கள். கண்டவுடன் தூரமும் கோணமும் எழுத வேண்டும். 400 மீற்றரில், 30 பாகையில் கண்டால், கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 400 இனை சைன் 30 ஆல் பெருக்க வருவது: 200 மீற்றர். இப்படி அறுபது எழுபது காட்சி சேர்ந்தால், தூரம் கூடக்கூட எத்தனை கண்ணுக்குத் தப்புகிறது என்ற வளைகோடு வரும். அதிலிருந்து பரப்புக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள்.

பிழை எங்கே வரும்? ஓங்கில் படகைக் கண்டு அணியத்தில் விளையாட ஓடிவரும் பழக்கமுள்ளது. வந்து சேர்ந்த பிறகு தூரத்தை எழுதினால் எல்லாம் கோட்டின் மேலேயே இருந்தது போலாகி, எண்ணிக்கை இரண்டு மடங்காகக்கூடத் தெரியும். அது படகைக் கவனிப்பதற்கு முன் கண்டு எழுதுவதே பார்வையாளரின் திறமை. தூரத்தை மதிப்பிடுவதில் எல்லோருக்கும் பிழை உண்டு. மிதவை ஒன்றை விட்டு, ஜிபிஎஸ்ஸில் தூரம் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டும். வெள்ளைத் தலைகள் அடிக்கடி எழும் கடலில், அதாவது பியூபோர்ட் என்ற காற்று அளவில் 3 க்கு மேல், வேலையை நிறுத்திவிட வேண்டும். பாக்கு நீரிணையில் உள்ள முதுகுத்துடுப்பே இல்லாத சிறு இனத்துக்கு 2 க்கு மேலேயே கண் எட்டாது. எந்தக் கரைக்கு எந்தக் காலம் என்பதும் இதிலிருந்து வருகிறது: சிலாவத்துறை, அரிப்புப் பக்கம் சோளகத்தில் (தென்மேற்குக் காற்றுக் காலம்) முடியாது, முல்லைத்தீவில் வாடையில் முடியாது.

இரண்டாவது முறை உங்கள் சந்தேகத்தையே கருவியாக்குகிறது. முதுகுத்துடுப்பின் பின்விளிம்பிலுள்ள வெட்டு, கிழிவு ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒரு பேச்சுக்கு, முதல் சுற்றில் 40 ஓங்கிலை அடையாளம் கண்டீர்கள், இரண்டாம் சுற்றில் 30, அதில் 12 பழையவை என்றால், 40 × 30 ÷ 12, ஏறத்தாழ 100 அந்தக் கூட்டத்தில் உண்டு. படம் பக்கவாட்டில் நேராக இருக்க வேண்டும். சரிந்த கோணத்தில் வெட்டு மறையும். கமெராவின் வேகம் 1/1000 செக்கனுக்குக் குறையக் கூடாது, கமெராக் கடிகாரம் ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். அழகான, வெட்டு நிறைந்த துடுப்பை மட்டும் தேடித் தேடி எடுப்பது இங்கே பெரிய குற்றம். அடையாளமில்லாதவையும் எத்தனை என்று தெரிந்தால்தான் மொத்தம் வரும்.

கடற்பறவைக்கு இன்னொரு முறை. படகின் ஒரு பக்கத்தில் 300 மீற்றர் அகலப் பட்டையை மட்டும் பார்ப்பார்கள். 10 நொட் வேகத்தில் படகு நிமிடத்துக்கு 300 மீற்றர் போகும். ஆகவே நிமிடத்துக்கு ஒருதடவை, அந்தக் கணத்தில் 300 × 300 மீற்றர் கட்டத்துக்குள் பறப்பவற்றை மட்டும் எண்ணுவார்கள். தொடர்ந்து எண்ணினால், படகைவிட வேகமாகப் பறக்கும் பறவைகள் வந்துகொண்டே இருந்து கணக்கைக் கூட்டிவிடும். மீன் கழிவுக்காகப் படகைத் தொடரும் கடற்புறாவும் ஆலாவும் கணக்கில் சேரா.

பெரிய ஓங்கில் ஒன்று உயிரோடு கரையில் ஏறிக் கிடந்தது. தள்ளிவிட்டோம், திரும்பத் திரும்ப ஏறியது. என்ன பிழை விட்டோம்?
– இளைஞர் கழகத்தினர், அளம்பில்

பிழை உங்களில் இல்லாமலும் இருக்கலாம். தனியாக ஏறும் ஓங்கில் பெரும்பாலும் நோயாளி, காயப்பட்டது, அல்லது கிழம். ஆனாலும் சில செயல்கள் அதற்கிருக்கும் வாய்ப்பைக் கெடுத்துவிடும்.

தண்ணீரில் எடையில்லாமல் மிதந்த உடம்பு கரையில் தன் எடையாலேயே நெரிபடும். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு இருப்பதால் வெயிலில் உள்ளே கொதிக்கும். இந்த இரண்டும்தான் கொல்லுகின்றன. வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்துங்கள், பக்கமாகக் கிடந்தால் கீழ்ப் பக்க நுரையீரல் நசுங்கும். கைத்துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிக் குழி செய்து தண்ணீர் விடுங்கள், துடுப்பு மடியாது. வெள்ளைத் துணியை நனைத்து முதுகில் போடுங்கள், மூச்சுத்துளையை மூடக் கூடாது. தண்ணீர் ஊற்றும்போது ஒருவர் அந்தத் துளையை மட்டும் கவனிக்கட்டும், உள்ளே போகும் ஒரு வாளித் தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். எண்ணெய், களிம்பு எதுவும் பூச வேண்டாம். நிழலுக்குத் தறப்பாள் கட்டலாம். மூச்சு எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் என்று ஒருவர் எழுதிக்கொண்டே இருந்தால் வரும் மிருக வைத்தியருக்கு அது பெரிய உதவி. வால் பக்கம் எவரும் நிற்கக் கூடாது. முகத்தை மூச்சுத்துளைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள், அதன் மூச்சில் நமக்குத் தொற்றும் கிருமிகள் இருக்கலாம்.

நகர்த்துவதென்றால் வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்க வேண்டாம், மூட்டு விலகிவிடும். உடம்பைச் சற்றே சரித்து, தறப்பாளைச் சுருட்டி அடியில் செருகி, மறுபக்கம் சரித்து விரித்து, எட்டுப் பத்துப் பேர் சேர்ந்து தலை கடலைப் பார்க்கத் தூக்குங்கள். முல்லைத்தீவுக் கரை செங்குத்து, அலை உடையும் இடம் காலடியிலேயே இருக்கிறது. அந்த இடத்தில் விட்டால் அலை உருட்டி மூச்சுத்துளைக்குள் மணலும் தண்ணீரும் அடிக்கும், திரும்பவும் கரையேறும். நீங்கள் கண்டது பெரும்பாலும் இதுவே. அலை உடையும் கோட்டைத் தாண்டும் வரை தறப்பாளோடு தாங்கிச் சென்று, இடுப்பளவுத் தண்ணீரில் அது தானாகச் சமநிலை பிடிக்கும்வரை இருபக்கமும் பிடித்து நின்று விடுங்கள். அதற்குப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணித்தியாலமும் ஆகலாம். கடல் பொங்கியிருந்தால் இறங்க வேண்டாம், மனித உயிர் முதலில்.

பைலட் திமிங்கிலக் கூட்டம் ஏறினால் கதை வேறு. அவை ஒன்றையொன்று விட்டுப் போகாத இனம். ஒவ்வொன்றாகத் தள்ளினால் கரையில் கிடப்பவற்றின் குரல் கேட்டுத் திரும்பி வரும். முடிந்தவரை ஒன்றாகச் சேர்த்து மிதக்கவைத்து, ஒன்றாக வெளியே திருப்ப வேண்டும். 2020 கார்த்திகையில் பாணந்துறையில் ஏறத்தாழ 120 ஏறியபோது கடற்படையினரும் ஊர் மக்களும் இரவிரவாக நின்று ஒருசில தவிர மற்றவற்றைக் கடலுக்கு அனுப்பினார்கள். எதிர்க்கரையில், 2016 தையில் தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாட்டை அண்டிய கரையில் 80 க்கு மேல் ஏறின, பாதிக்கு மேல் இறந்தன. அதே கரையில் 1973 தையிலும் 147 ஏறியிருந்தன.

செத்து ஒதுங்கினால் புதைத்துவிடச் சொல்கிறார்கள். அதற்கு முன் என்ன பதிய வேண்டும்?
– கிராம அலுவலர் ஒருவர், கரைதுறைப்பற்று

நீளத்தை உடம்பின் வளைவோடு அளக்காமல், மேல்தாடை நுனியிலிருந்து வாற்றுடுப்பின் நடுப்பிளவு வரை, உடம்புக்குப் பக்கத்தில் நேர்கோட்டில் அளக்க வேண்டும். பக்கவாட்டுப் படம் முழு உடம்போடு ஒன்று, தலை, வாய், துடுப்பு, வால், வயிற்றுப் பக்கம், காயங்கள் தனித்தனியாக. வயிற்றுப் பக்கப் படத்தில்தான் ஆண் பெண் தெரியும். வலை மாட்டிய தடம் துடுப்பு அடியிலும் வாய்க்கோணத்திலும் மெல்லிய நேர்வெட்டாக இருக்கும், அதை நெருங்கி எடுங்கள். தோலில் நகமளவு துண்டு, மதுசாரத்தில். இல்லையென்றால் சுத்தமான போத்தலில் நிறைய உப்பில் போட்டாலும் மரபணுவுக்கு உதவும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடாதீர்கள். ஊதிப்போன உடம்பைக் குத்த வேண்டாம், வாயு அமுக்கத்தால் குடல் வெளியே பாயும். பல்லைப் பிடுங்கி நினைவுக்கு எடுத்துப் போகவிடாதீர்கள்: பல்லை நெடுக்கே வெட்டினால் வயதுக்குரிய அடுக்குகள் தெரியும். ஆவுளியாவின் கொம்புப்பல்லிலும் அப்படியே.

புதைக்கும் இடம் உயர்நீர்க் கோட்டுக்கு மேலே, கிணறுகளுக்குத் தூரத்தில் இருக்கட்டும். ஆழம் இரண்டு மீற்றருக்குக் குறைந்தால் நாயும் நரியும் கிளறும். புள்ளியை ஜிபிஎஸ்ஸில் எழுதி வைத்தால் பிறகு எலும்புக்கூட்டை முழுதாக எடுக்க முடியும். 2021 இல் எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபின் நாடெங்கும் ஆமைகளும் ஓங்கில்களும் ஒதுங்கின. அதற்கு முன் ஒரு சாதாரண வருடத்தில் எத்தனை ஒதுங்கும் என்ற பதிவு கரைதோறும் இருந்திருந்தால், எத்தனை சாவு கப்பலால் வந்தது என்று வாதிடுவது இவ்வளவு சிரமமாக இருந்திருக்காது.

எங்கள் நண்டுக்கும் ஓங்கிலுக்கும் என்ன சம்பந்தம்? நண்டு வாங்கும் கொம்பனிக்காரர் கேள்வி கேட்கிறார்கள்.
– நண்டு வலைத் தொழிலாளி, கிராஞ்சி

கடல் பாலூட்டிகள் வலையில் சாவதைத் தன் நாட்டுக்கு ஒப்பான விதிகளால் கட்டுப்படுத்தாத நாடுகளின் மீன், நண்டை வாங்குவதில்லை என்று அமெரிக்கா 2016 இல் ஒரு விதி கொண்டுவந்தது. நீலக்கால் நண்டு பெருமளவு அங்கேதான் போய்வந்திருக்கிறது. ஆகவே வலைக்குள் எதுவும் சிக்கவில்லை என்பதற்கும் எழுத்தில் பதிவு வேண்டும். கடலடியோடு கிடக்கும் குறைந்த உயர நண்டு வலையில் ஓங்கில் அகப்படுவது அரிது. அதை நிறுவ உங்கள் நாட்பதிவுதான் சான்று.

தலைமன்னாருக்கு அப்பால் மணல் தீடைகளில் ஆலா முட்டையிடுகிறது. மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டலாமா?
– ஆசிரியை, தலைமன்னார்

முட்டைக் காலத்தில் வேண்டாம். ஆதாம் பாலத் தீடைகள் 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியின்றி இறங்க முடியாது என்பது ஒருபுறம். மறுபுறம், ஆலா கூடு கட்டுவதில்லை, வெறும் மணலில் முட்டை. தாய் எழும்பினால் நண்பகல் வெயிலில் சில நிமிடத்திலேயே கரு வெந்துவிடும். தாய் முட்டையில் இருப்பதன் முதல் வேலை அங்கே சூடேற்றுவதைவிட நிழல் கொடுப்பதுதான். காகமும் கடற்புறாவும் அந்த இடைவெளிக்காகவே காத்திருக்கும்.

ஆய்வாளர்கள் போவதும் விடிகாலையில் அல்லது வெயில் தணிந்தபின். நாலைந்து பேர் வரிசையாக ஒரே திசையில் நடந்து, முட்டையிட்ட இடத்தை மட்டும் எண்ணி, இருபது நிமிடத்துக்குள் வெளியேறிவிடுவார்கள். சிறிய ஆலா இரண்டு மூன்று முட்டையிடும், அடைகாப்பு மூன்று வாரம். குஞ்சு பறக்க இன்னொரு மூன்று வாரம். பெரிய கொண்டை ஆலா ஒன்றே இடும். மாணவர்களுக்குக் காட்ட, வங்காலைச் சரணாலயத்தின் வீதியோரமே போதும். 2008 இல் சரணாலயமாகி, 2010 இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலமானது. வாடைக்காலத்தில் கடற்புறாவும் ஆலாவும் பூநாரையும் தொலைநோக்கியில் ஒரே இடத்தில் தெரியும்.

காலில் வளையம் போட்ட கடற்புறா ஒன்று வலையில் செத்தது. வளையத்தை என்ன செய்வது?
– தாழ்வுபாடு வாசகர்

எண்ணையும் எழுத்தையும் படமெடுத்து, கண்ட நாளும் இடமும் சேர்த்து வனசீவராசிகள் அலுவலகத்துக்கோ கொழும்புப் பல்கலைக்கழகத்திலுள்ள இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கோ கொடுங்கள். உயிருள்ள பறவையில் வளையத்தைக் கழற்றக் கூடாது. முதுகில் சிறு கருவி இருந்தால் அது இடத்தை அனுப்பும் ஜிபிஎஸ் கருவி. கருவியின் எடை பறவையின் எடையில் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான எல்லை. ஒரு கிலோ கடற்புறா 30 கிராம் சுமக்கும், 50 கிராம் சிறிய ஆலாவுக்கு ஒன்றரைக் கிராமே எல்லை, அதனால் அதற்குப் பெரும்பாலும் வளையம்தான். மன்னாரில் கருவி பொருத்திய ஹியூக்லின் கடற்புறாக்கள் இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரைக்கு முட்டையிடப் போவது இப்படித்தான் தெரியவந்தது.

காற்றாடிகளால் பறவை சாகிறதா? கீழே ஒன்றும் கிடப்பதில்லையே.
– மன்னார்த் தீவு வாசகர்

கிடக்கவில்லை என்பதை வைத்துச் சாகவில்லை என்று சொல்ல முடியாது. நாயும் காகமும் இரவுக்குள் தூக்கிப்போகும். தீவின் தென்கரையிலுள்ள ‘தம்பபவனி’ காற்றாலையில் 30 காற்றாடிகள். அப்படியான இடத்தில் ஆய்வு செய்பவர் முதலில் செத்த கோழிக்குஞ்சுகளை எண்ணி வைத்துவிட்டு இரண்டு விடயம் பார்ப்பார்: தேடுபவர் கண்ணில் எத்தனை படுகிறது, எத்தனை நாளில் காணாமற்போகிறது. பாதி காணாமற்போய், மிச்சத்தில் பாதிதான் கண்ணில் படுகிறது என்றால், கிடைத்த ஒவ்வொரு உடலும் நான்கு சாவுக்குச் சமம். இந்தச் சோதனை இல்லாத அறிக்கையின் எண்ணை நம்பாதீர்கள். பூநாரை போன்ற கனத்த பறவைகளுக்கு இரவில் காற்றாடியை விட மின்கம்பிகள் ஆபத்து. கம்பியில் தெரியும்படி தகடு தொங்கவிட்டால் மோதல் குறையும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கடல் சூழலியலாளராக இப்போதே என்ன செய்யலாம்?
– மாணவி, முள்ளியவளை

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியலும் கடற்றொழில் விஞ்ஞானமும், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சூழல் விஞ்ஞானமும், றுகுணுவில் கடற்றொழிலுக்கென்றே ஒரு பீடமும் இருக்கின்றன. எங்கே போனாலும் புள்ளிவிபரவியலைத் தள்ளிவைக்காதீர்கள். மேலே சொன்ன கணக்குகள் எல்லாம் அதில்தான் நிற்கின்றன, ‘ஆர்’ என்ற இலவச மென்பொருளில் இப்போதே பழகலாம். நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே தொடங்குவதென்றால் நந்திக்கடலோ வட்டுவாகல் பாலமோ நாயாறோ, ஒரே இடம், வாரம் ஒரே நாள், ஒரே ஒரு மணித்தியாலம். தொடங்கிய நேரம், முடித்த நேரம், காற்று சோளகமா வாடையா கொண்டலா, தண்ணீர் பெருக்கா வற்றா, ஒவ்வொரு இனமும் எத்தனை. ஒரு பறவையும் இல்லாத நாளிலும் பூச்சியம் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டால், நீங்கள் போகவில்லையா, பறவை வரவில்லையா என்று பிறகு எவருக்கும் தெரியாது. பேனை வேண்டாம், தூறலில் மை கரையும். பென்சிலால் எழுதுங்கள்.